மூலை மழுங்கிய சாம்பியன்கள்

டாப்ஸ் நிறுவனத்தின் 1956-ஆம் வருடத்து பேஸ்பால் கார்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவருக்கு அதன் அழகைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஆனாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அகலம் 3¾ அங்குலம், உயரம் 2⅝ அங்குலம். படுக்கைவாட்டில் அச்சானது. ஒரு பக்கம் ஆட்டக்காரரின் பெரிய முகம், தொப்பியும் சிரிப்புமாக. அந்த முகத்துக்குப் பின்னால் அவரே மறுபடியும் சின்னதாக, மைதானத்தில் பாய்கிறார், சறுக்குகிறார், மட்டையைச் சுழற்றுகிறார். புல்லின் பச்சையும் மண்ணின் செம்மையும் கையால் வண்ணம் ஏற்றியது போல இருக்கும். படத்தின் மேலேயே அவர் கையெழுத்தும் அச்சாகியிருக்கும். திருப்பினால் மூன்று கட்டத்தில் ஒரு குட்டிக் கார்ட்டூன், அடியில் அவருடைய கணக்கு வழக்கு. இத்தனையையும் ஓர் அட்டைக்குள் அடைத்து, சூயிங்கத்தோடு சேர்த்துக் குழந்தைகளுக்கு விற்றிருக்கிறார்கள்! நம்மூரில் சூயிங்கத்தோடு கிரிக்கெட் வீரர் படம் வந்த காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தப் பரபரப்பு உடனே பிடிபடும்.

எழுபது வயதான இந்த அட்டை என்ன விலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரிய நட்சத்திரமாக இல்லாமல், மூலைகள் கொஞ்சம் மழுங்கியிருந்தால், பல சமயம் பத்து டாலருக்குள் கிடைத்துவிடும். நான் இருக்கும் நியூ ஜெர்சியில் ஓட்டலில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட அதைவிட அதிகம் ஆகிறது. சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அட்டை சுவரில் மாட்டினால் தினமும் இருக்கும்.

பேஸ்பால் கார்டு என்றதுமே செய்தியில் அடிபடுவது கோடிகள்தான். 1952 டாப்ஸ் செட்டில் 311-ஆம் எண்ணாக வந்த மிக்கி மாண்டில் கார்டு ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே மாதம், 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்துக் கொடுத்த டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர் கார்டு ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. இதையெல்லாம் படித்துவிட்டு, இது பணக்காரர் விளையாட்டு, நமக்கெதற்கு என்று ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அந்த 1952 செட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான சை பெர்கர், ப்ரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் அதற்கு வடிவம் கொடுத்தார். மாண்டில் இருந்த கடைசித் தொகுதி, பேஸ்பால் ஜுரம் தணிகிற நேரத்தில் கடைக்குப் போனதால் தேங்கிப்போனது. விற்காத பெட்டிகள் வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. 1960-இல் அவற்றை ஒரு படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்ததாக பெர்கரே சொல்லியிருக்கிறார். இன்று கோடியில் பேசுகிற கார்டு, அன்று சும்மா கொடுத்தாலும் ஆள் இல்லாத சரக்கு.

கோடி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நம் போன்றவர்களுக்கு வழி தெரிந்துவிடும். கார்டுகளைப் பரிசோதித்து மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டித் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரியதான பிஎஸ்ஏ 1991-இல் தொடங்கியது. ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண். நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, ஓரங்கள் உதிராமல் இருக்கின்றனவா, படம் நடுவாக அச்சாகியிருக்கிறதா, மேற்பரப்பில் மடிப்பு உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். எட்டு வாங்கிய கார்டுக்கும் இரண்டு வாங்கிய கார்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இரண்டையும் ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பாருங்கள். அதே முகம், அதே சிரிப்பு, அதே பச்சைப் புல்! விலையில் பெரும்பகுதி மூலைகளுக்குப் போகிறது, படத்துக்கு இல்லை. பூட்டி வைப்பதற்கு வாங்குகிறவர் மூலைக்குக் காசு கொடுக்கட்டும். பார்ப்பதற்கு வாங்குகிற நாம் படத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். அடிபட்ட கார்டுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். ஐம்பதுகளின் பையன்கள் இவற்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே செருகி, படபடவென்று மோட்டார் சைக்கிள் சத்தம் வரவைத்திருக்கிறார்கள். சுவரை நோக்கி எறிந்து, யாருடையது கிட்டப் போய் விழுகிறது என்று பந்தயம் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் 1956 ஜாக்கி ராபின்சன் கார்டின் மேல் ஓரத்தில், நட்ட நடுவில், ஒரு குண்டூசித் துளை இருக்கிறது. யாரோ ஒரு பையன் தன் அறைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறான். அந்தத் துளையால்தான் என்னால் வாங்க முடிகிற விலைக்கு அது இறங்கி வந்தது. ராபின்சன் ஆட்டக்காரராக இருந்தபோது வந்த கடைசி டாப்ஸ் கார்டு அது. சறுக்கிக்கொண்டு ஹோம் பிளேட்டுக்கு வரும் அந்தக் காட்சியை நான் பார்க்காத நாள் இல்லை. துளை இல்லாத ராபின்சனோடு மாற்றிக்கொள்ளக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

சிக்கனமாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் கைகள் கோணிப்போனவர். செல்வந்தர் இல்லை. அப்படிப்பட்டவர் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சு அட்டைகளைச் சேர்த்து, வகைப்படுத்தி, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். டி206 என்று இன்று உலகமே சொல்கிற பெயர் அவர் போட்ட பட்டியல் எண்தான். அருங்காட்சியகத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்து, ஆல்பம் ஆல்பமாக ஒட்டி முடித்தார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் அவர் இறந்தார். பேஸ்பால் கார்டு என்பது பெட்டிக்கடைச் சரக்கு என்று எல்லோரும் நினைத்த காலத்தில், ரெம்ப்ராண்ட் தொங்கும் கட்டிடத்துக்குள் அதைக் கொண்டுபோய் வைத்த மனுஷர்! அவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

சரி, எதைச் சேர்ப்பது? ஒரு முழு செட்டையும் சேர்க்க ஆசைப்பட்டால் 1956-க்கே 340 கார்டு வேண்டும். சுவரும் பத்தாது, காசும் பத்தாது. ஒரு வருடம், ஓர் அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ். உலகத்தில் இதைவிடப் பிரமாதமான அணி எனக்குத் தெரியாது. 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடருக்குப் போய், ஐந்து முறையும் அதே நியூயார்க் யாங்கீஸிடம் தோற்ற அணி. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே ப்ரூக்ளின்காரர்களின் வாய்ப்பாடு. அந்த அடுத்த வருஷம் 1955-இல் வந்தது. ப்ரூக்ளினில் இருந்த காலத்தில் அவர்கள் வென்ற ஒரே வேர்ல்ட் சீரிஸ் அதுதான். 1957 சீசனோடு அணி ஊரைக் காலி செய்து லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. ஆக, சாம்பியன்களாக அவர்கள் முகம் அச்சானது 1956 கார்டுகளில். அதனால்தான் அந்த வருடம், அந்த அணி.

மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமனார், கிரிக்கெட் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர், அந்த அணியின் கார்டுகளை நான் மாட்டியிருக்கும் ஃப்ரேம் முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள, இதுல யாரு பெரிய ஆட்டக்காரரு?"

"பெரிய ஆளுங்க நாலஞ்சு பேரு இருக்காங்க மாமா. ஆனா நீங்க மொதல்ல இவரைப் பாருங்க" என்று சாண்டி அமோரோஸைக் காட்டினேன். கியூபாக்காரர். அவருடைய கார்டு ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் கார்டின் விலையில் சின்னப் பங்குகூட இல்லை.

கதையைச் சொன்னேன். 1955 அக்டோபர் 4. யாங்கீ ஸ்டேடியம். தொடர் மூன்றுக்கு மூன்று, ஏழாவது ஆட்டம். டாட்ஜர்ஸ் இரண்டு ரன் முன்னிலை, இரண்டுமே கில் ஹாட்ஜஸ் கொண்டுவந்தவை. பந்தெறிகிறவர் ஜானி போட்ரஸ், இருபத்து மூன்று வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் இரண்டு இடம் மாற்றினார்கள். டான் ஜிம்மர் வெளியே போக, லெஃப்ட் ஃபீல்டில் நின்ற ஜிம் கில்லியம் அவர் இடத்துக்கு வர, கில்லியம் இடத்துக்கு அமோரோஸ் வந்தார். வந்து நின்ற சூடு ஆறவில்லை. யாங்கீஸுக்கு இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள், ஒருவர்கூட அவுட் இல்லை. யோகி பெரா அடிக்கிறார். பந்து லெஃப்ட் ஃபீல்டு மூலைக் கோட்டை ஒட்டிப் போகிறது. பெரா அந்தப் பக்கம் அடிப்பார் என்று எதிர்பார்க்காததால் அமோரோஸ் வெகுதூரம் உள்ளே நின்றிருந்தார். ஓடினார், ஓடினார், வேலிக்குப் பக்கத்தில் வலது கையை நீட்டினார். பந்து கையுறைக்குள்!

மாமா குறுக்கே புகுந்தார். "இடது கைக்காரரா? அப்ப கையுறை வலது கையில இருந்திருக்கும். அதான் எட்டுச்சு. வேற ஆளா இருந்தா திரும்பிப் பிடிக்கணும்ல."

"அதேதான் மாமா!" எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அத்தோடு முடியவில்லை. அமோரோஸ் பந்தை பீ வீ ரீஸிடம் எறிந்தார். ரீஸ் திரும்பி முதல் பேஸில் நின்ற ஹாட்ஜஸுக்கு எறிந்தார். பந்து நிச்சயம் விழுந்துவிடும் என்று நம்பி ஓடிப்போயிருந்த யாங்கீஸ் ஆட்டக்காரர் கில் மக்டூகல்ட் திரும்பி வருவதற்குள் அவுட். ஒரே பந்தில் இரண்டு பேர். ஆட்டம் 2-0 என்று முடிந்தது. என் ஃப்ரேமின் மூன்றாவது வரிசையில் இடமிருந்து வலமாக போட்ரஸ், அமோரோஸ், ரீஸ், ஹாட்ஜஸ் என்று வைத்திருக்கிறேன். பந்து போன வழியிலேயே கண்ணும் போகும். மாமா விரலால் கடைசி மூன்று பேரையும் தொட்டுத் தொட்டு, "இங்கேருந்து இங்க, இங்கேருந்து இங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்தவர்கள் வீட்டுக்கு வரும்போது கதை சொல்கிற பொறுப்பை இப்போது அவரிடமே விட்டுவிடலாம் போல.

ஃப்ரேமின் கணக்கு என்னைச் சொக்கவைத்த ஒன்று. 16-க்கு 20 அங்குலம் என்பது இங்கே எங்கும் கிடைக்கும் அளவு. படுக்கைவாட்டில் வைத்தால், 3¾ அங்குலக் கார்டு நான்கு பக்கத்துக்குப் பக்கம் 15 அங்குலம். மிச்சம் 5 அங்குலம். நடுவில் மூன்று, ஓரத்தில் இரண்டு என ஐந்து இடைவெளிக்கு ஆளுக்கொரு அங்குலம், அச்சாகப் பொருந்துகிறது! செங்குத்தில் நான்கு வரிசைக்கு 10½ அங்குலம், மிச்சமுள்ள 5½-ஐ ஐந்தாகப் பிரித்தால் அதுவும் ஓர் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆகப் பதினாறு கார்டு. அந்தப் பதினாறில் மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன், ராபின்சன், ராய் காம்பனெல்லா, டியூக் ஸ்னைடர், கார்ல் ஃபுரில்லோ, கில்லியம், ஜிம்மர், டான் நியூகம்ப், கார்ல் எர்ஸ்கின், கிளெம் லபைன், மேலே சொன்ன நால்வர், அணியின் குழுப்படம், கடைசி மூலையில் சாண்டி கோஃபாக்ஸ். கோஃபாக்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தத் தொடரில் ஒரு பந்துகூட எறியவில்லை. ராபின்சனும் ஏழாவது ஆட்டத்தில் இறங்கவில்லை. இந்த இருவருக்கும்தான் காசு சேர்த்து வைத்துக் காத்திருக்க வேண்டும். மற்ற பதினான்கையும் ஆற அமர வாங்கிக்கொண்டே இருக்கலாம். ராபின்சனுக்கு விட்ட காலி இடம் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது, அது கூட அழகாகத்தான் இருந்தது.

ஃப்ரேமைப் புதிதாக வாங்காதீர்கள். பழைய சாமான் விற்கும் தர்மக் கடைகளில், யாரும் சீந்தாத பூங்கொத்துப் படங்கள் நல்ல மரச் சட்டத்தோடு சில டாலருக்குக் கிடக்கும். படத்தை எடுத்துவிட்டுச் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பழுப்பு அட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதிலுள்ள அமிலம் மெல்ல மெல்லக் கார்டுக்குள் இறங்கும். அமிலமில்லாத மவுண்ட் பலகை ஒன்று வாங்கினால் போதும். தூய வெள்ளை வேண்டாம் என்பது என் திடமான கருத்து. எழுபது வருடக் கார்டின் வெள்ளை ஓரம் சற்று மஞ்சள் பாய்ந்திருக்கும்; பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் அது அழுக்காகத் தெரியும். வெண்ணெய் நிறப் பலகையில் அதே கார்டு கதகதவென்று நிற்கும், பாருங்கள்!

கார்டில் பசை, டேப் எதுவும் படவே கூடாது. ஒளி ஊடுருவும் பாலியஸ்டர் மூலைகள் கிடைக்கின்றன, பழைய புகைப்பட ஆல்பத்தில் போடுவார்களே அதே மாதிரி. பசை மூலையின் முதுகில் இருக்கும், பலகையில் ஒட்டும். கார்டு அதற்குள் சும்மா செருகி நிற்கும். நாளைக்கு எடுத்துத் திருப்பிக் கார்ட்டூனைப் பார்க்கவும் முடியும். கண்ணாடிக்கும் கார்டுக்கும் நடுவே கால் அங்குலம் இடைவெளி விட ஓரம் நெடுகச் சின்னக் கட்டை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரப்பதத்தில் கார்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு போடுங்கள். முழுச் செலவில் பெரிய செலவு இதுதான், இதில் மட்டும் கை இறுக்காதீர்கள். அதுவும் எல்லா வெளிச்சத்தையும் தடுத்துவிடாது. ஆகவே வெயில் விழாத சுவரே சரி. எங்கள் வீட்டில் மாடிப்படி ஏறும் நடைச் சுவர். வருடத்தில் சில மாதம் இறக்கி அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன். திரும்ப மாட்டும் நாள் எனக்குத் திருவிழா.

ஃப்ரேம் போடும் வரை கார்டை வைக்கிற உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போதைய கார்டு 2½-க்கு 3½ அங்குலம், 1957-இல் வந்த அளவு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கெட்டி உறை அதற்கானது. 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் கார்டு அதில் நுழையாது, திணித்தால் மூலை போய்விடும். பழைய பெரிய அளவுக்கென்று தனி உறை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். புது மழைக்கோட்டு போல வாடை அடிக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் தாள் பக்கமே போக வேண்டாம், அது பிவிசி. காலப்போக்கில் கசிந்து படத்தைக் கெடுத்துவிடும்.

வாங்கப் போகிற இடம் இன்னொரு சொர்க்கம். வார இறுதிகளில் ஓட்டல் அரங்குகளிலும் தீயணைப்பு நிலைய மண்டபங்களிலும் கார்டு சந்தை நடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுபவற்றைக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். மேசைக்கு அடியிலோ ஓரத்திலோ நீள அட்டைப் பெட்டி இருக்கும். மடிந்தவை, கறைபட்டவை, பையன்கள் பேனாவால் அணி பெயரை மாற்றி எழுதியவை எல்லாம் வருடவாரியாக அடுக்கியிருக்கும். நம் புதையல் அங்கேதான். நாலைந்தாக எடுத்துக்கொண்டு மொத்தமாக விலை கேட்டால் இறங்கி வருவார்கள்; ஞாயிறு மதியம் கடை கட்டுகிற நேரம் என்றால் இன்னும் இறங்குவார்கள். பின்பக்கம் எவ்வளவு கறை இருந்தாலும் கவலையில்லை, முன்பக்கம் முகத்தின் மேல் மடிப்பு ஓடாமல் இருந்தால் போதும். சின்ன அளவுகோல் ஒன்று பையில் இருக்கட்டும். ஓரத்தை வெட்டிக் கூராக்கிய கார்டு அளவில் குறையும். மறுபதிப்புகள் பளபளக்கும், விரலுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கும் முதியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நூலகம். 1956 ஹாங்க் ஆரன் கார்டில் ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கும் சின்ன உருவம் ஆரன் இல்லை, வில்லி மேஸ் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. 1957 கார்டில் அதே ஆரன் படத்தைத் திருப்பிப் போட்டு, வலது கை ஆட்டக்காரரை இடது கைக்காரராக்கிவிட்டார்கள். இப்படி ஒரு கதையைக் கேட்டுவிட்டு அந்தக் கார்டை எப்படித் தேடாமல் இருப்பது?

டாட்ஜர்ஸ் வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 1971 டாப்ஸின் கருப்பு ஓரம் லேசாக உரசினாலே வெள்ளையாக உதிரும். அதனாலேயே உதிர்ந்தது மலிவு, வெளிர்ச் சுவரில் அந்தக் கருப்பு அமர்க்களப்படும். 1975-இன் இரட்டை வண்ண ஓரங்களை ஒன்பது ஒன்பதாக அடுக்கினால் கோலாகலம். 1955 போமன் கார்டில் ஆட்டக்காரர்கள் மரப்பெட்டி டிவிக்குள் நிற்பார்கள். டி206-இலேயே பேரும் புகழும் இல்லாத ஆட்டக்காரரின் நைந்த கார்டு, வாக்னரின் அதே லித்தோ அச்சு, அதே பளிச் பின்னணி, ஒரு நல்ல சட்டையின் விலைக்குக் கிடைத்துவிடும். நூறு வயது தாண்டிய படம்!

நான் இப்போது 1957 டாப்ஸின் 400-ஆம் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஃபுரில்லோ, ஹாட்ஜஸ், காம்பனெல்லா, ஸ்னைடர் நால்வரும் ஒரே கார்டில் மட்டையோடு நிற்கும் படம். மூலை எப்படி இருந்தாலும் சரி, நடுவில் மடிப்பு ஓடினாலும் சரி, நான்கு முகமும் தெரிந்தால் போதும். படிக்கட்டுச் சுவரில் அதற்கு ஆணி அடித்தாகிவிட்டது. மாமா வாரா வாரம் போனில் கேட்கிறார், "மாப்ள, அந்த நாலு பேரு கெடைச்சாங்களா?"